இறைச்சியா, போலி இறைச்சியா? குழந்தைகளுக்குக் கற்பிக்க மூன்று பழக்கங்கள்

மீல் மேக்கர், பலாக்காய், கோதுமைப் புரதம் முதலியவற்றால் செய்யப்படும் உணவுகள் இன்று தோற்றத்திலும் மென்மையிலும் இறைச்சியையே ஒத்திருக்கின்றன. சைவக் குழந்தைகள் கண்ணையும் நாவையும் மட்டும் நம்புதல் போதாது. ஆகவே, பெற்றோர் மூன்று பழக்கங்களைக் கற்பிக்குமாறு நாங்கள் வேண்டுகிறோம்.

முதலாவது, குறியீட்டைப் பார்த்தல். பொட்டலத்தில் பச்சைச் சதுரத்துள் பச்சை வட்டம் இருப்பின் சைவம்; பழுப்புச் சதுரத்துள் பழுப்பு முக்கோணம் இருப்பின் அசைவம். நிறத்தைவிட வடிவத்தையே கற்பியுங்கள். நிறப் பார்வைக் குறைபாடுள்ள குழந்தைக்குப் பச்சையும் பழுப்பும் ஒன்றாகத் தோன்றலாம்.

இரண்டாவது, கேட்டல். விருந்தில் பரிமாறும் தட்டில் குறியீடு இராது. "இது எதில் செய்தது?" என்று கேட்டறிந்தபின் உண்ணட்டும்.

மூன்றாவது, சேர்பொருள்களைப் படித்தல். பச்சை வட்டம் ஒவ்வாமைக்குக் காப்பன்று. சோயா, கோதுமை, பால் ஆகியவற்றில் ஒன்று ஒவ்வாத குழந்தைக்கு அது கலந்த சைவ உணவும் தீங்கு செய்யும்.

தவறி இறைச்சியை உண்டுவிட்டால் கடிந்துகொள்ளாதீர்கள். அஞ்சும் குழந்தை அடுத்த முறை மறைக்கும். எதை உண்டபின்னும் உடலில் தடிப்பு, உதட்டு வீக்கம், மூச்சுத்திணறல் தோன்றினால், சைவமா அசைவமா என்று ஆராய்ந்து காலம் தாழ்த்தாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.