அண்ணிக்கு என்ன பிரச்சினை?



போன மாதம் நம் வகுப்பு முடிந்து எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அண்ணே, கல்யாணமாகி அஞ்சு வருஷமாச்சு. அண்ணிக்கு ஏதாவது பிரச்சினையா?"

அக்கறையில் கேட்ட கேள்விதான். எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு முடிவு ஏற்கெனவே இருந்தது: குழந்தை இல்லையென்றால் குறை பெண்ணிடம்தான். தம்பியைச் சொல்லிக் குற்றமில்லை. மூன்று வருஷம் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதனால் இந்த மாதப் பாடத்தை என் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். மனைவியின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் நடந்தது

கல்யாணமாகி ஒரு வருஷம் முடிந்ததும் அத்தை ஒருவர் ஆரம்பித்தார். "சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்" என்ற பழமொழிக்குச் சஷ்டி விரதம் இருந்தால் கருப்பையில் பிள்ளை தங்கும் என்று பொருள் சொன்னார். மனைவி கந்த சஷ்டி ஆறு நாளும் விரதம் இருந்தார். தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்துப் பத்துமலையின் 272 படிகளையும் ஏறினார். கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மருந்து செலுத்திக் கருக்குழாயைப் பார்க்கும் எக்ஸ்ரே என்று எல்லாம் செய்துகொண்டார். எதிலும் குறை தெரியவில்லை.

ஒவ்வொரு தடவையும் டாக்டர் ஒன்றையே சொல்லி அனுப்புவார்: "உங்க கணவரையும் ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க." நான், "எனக்கென்ன? ஜிம்முக்குப் போறேன், காய்ச்சல்கூட வர்றதில்ல" என்று தட்டிக் கழித்தேன். வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்.

பிறகு ஒரு சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பு. வளையல் போட மனைவி எழுந்தபோது ஒரு பெரியவர், "நீ அப்புறம் போடலாம்மா, உட்காரு" என்றார். வீடு திரும்பும்வரை அவர் காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. மறு வாரம் நான் பரிசோதனைக்குப் போனேன்.

விந்தணு எண்ணிக்கை இருக்க வேண்டியதைவிட மிகக் குறைவு. விதைப்பையில் இரத்த நாளங்கள் புடைத்திருந்தன. குறை என்னிடம் இருந்தது.

எப்போது இதைக் குறை என்கிறோம்?

கருத்தடை எதுவும் இல்லாமல், முறையான தாம்பத்திய உறவு இருந்தும் 12 மாதங்கள் கரு தரிக்கவில்லை என்றால் அதைக் கருத்தரிப்புக் குறைபாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. பெண்ணுக்கு 35 வயது தாண்டியிருந்தால் 6 மாதத்திலேயே டாக்டரைப் பார்ப்பது நல்லது. அந்த நிறுவனம் 2023-இல் வெளியிட்ட கணக்குப்படி, உலகில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் வாழ்வில் எப்போதாவது இதைச் சந்திக்கிறார். நம் வகுப்பில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தால் எத்தனை பேர் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

குழந்தையில்லாத தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. சிலரிடம் ஆணுக்கு மட்டும், சிலரிடம் பெண்ணுக்கு மட்டும், சிலரிடம் இருவருக்கும். எல்லாப் பரிசோதனையும் செய்தும் காரணம் பிடிபடாதவர்களும் உண்டு.

பெண்களிடம் காணும் காரணங்கள்

பொதுவாக மாதத்துக்கு ஒரு கருமுட்டை வெளிவரும். அது உயிரோடு இருப்பது ஏறக்குறைய 12 முதல் 24 மணி நேரம்தான். பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பைக் கோளாறு இருந்தால் முட்டை ஒழுங்காக வெளிவராது. தைராய்டு கோளாறும் இதைக் கெடுக்கும். கிருமித்தொற்றினால் கருக்குழாய் அடைத்துக்கொள்ளலாம். எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோயில், கருப்பையின் உட்புறத் திசு போன்ற ஒன்று வெளியே வளர்ந்து கடுமையான வலி தரும்.

தங்கைகளே, மாதவிடாய் பல மாதம் தள்ளிப்போனாலோ, வேலைக்கோ வகுப்போக்கோ போக முடியாத அளவுக்கு வலித்தாலோ, "எல்லாப் பொண்ணுக்கும் இப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். கல்யாணத்துக்கு முன்பே டாக்டரிடம் காட்டலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆண்களிடம் காணும் காரணங்கள்

விந்தணு நன்றாக உருவாக, விதைகள் உடல் சூட்டைவிடச் சில டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டும். எனக்கு இருந்ததுபோல இரத்த நாளம் புடைத்தால் அங்கே சூடு கூடும். சிறு வயதில் விதை கீழே இறங்காமல் இருந்தது, பருவ வயதுக்குப் பிறகு வந்த பொன்னுக்குவீங்கி, பால்வினை நோய்கள், சிகரெட், அளவு மீறிய குடி, உடல் பருமன் ஆகியவையும் காரணமாகலாம்.

தம்பிகளே, இதைக் கவனமாகப் படியுங்கள். ஜிம்மில் சிலர் ரகசியமாகக் கொடுக்கும் ஸ்டீராய்டு ஊசி தசையை வளர்க்கும்; ஆனால் விந்தணுவைக் குறைக்கும். உடலில் ஹார்மோன் போதுமான அளவு இருக்கிறது என்று மூளை ஏமாந்து, விதைகளுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திவிடுகிறது. பார்க்க பயில்வான், உள்ளே உற்பத்தி நின்றுபோயிருக்கும். ஆண்மையும் விந்தணு எண்ணிக்கையும் ஒன்றல்ல என்று எனக்குப் புரிந்ததும் அப்போதுதான்.

முதலில் யார் போக வேண்டும்?

ஆணுக்குரிய முதல் பரிசோதனையில் ஊசி இல்லை, வலி இல்லை. 2 முதல் 7 நாள் உறவைத் தவிர்த்துவிட்டு, ஒரு சிறு குப்பியில் விந்து மாதிரி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு மில்லிலிட்டரில் 16 மில்லியன் என்பது கீழ் எல்லை. அதற்குக் கீழே போனால் குழந்தையே பிறக்காது என்று அர்த்தமில்லை. முடிவு சரியில்லை என்றால் இன்னொரு முறை எடுத்துப் பார்ப்பார்கள். பெண்ணுக்கோ வரிசையாகப் பல பரிசோதனைகள். சிலவற்றில் வலியும் உண்டு. சுலபமானதை மூன்று வருஷம் தள்ளிப்போட்டு, கடினமானதையெல்லாம் மனைவி தலையில் கட்டினேன். இருவரும் ஒன்றாகப் போயிருக்க வேண்டும்.

சிகிச்சையும் நம்பிக்கையும்

முட்டை வெளிவர மாத்திரை, அடைப்புக்கு அறுவை சிகிச்சை, விந்தணுவைக் கருப்பைக்குள் நேரடியாகச் செலுத்துவது, உடலுக்கு வெளியே கருவை உருவாக்கும் ஐ.வி.எஃப். என்று வழிகள் பல. ஐ.வி.எஃப். முறையில் முதல் குழந்தை 1978-இல் இங்கிலாந்தில் பிறந்தது. நம் நாட்டில் எல்.பி.பி.கே.என். கிளினிக்கிலும் ஆலோசனை கேட்கலாம். செலவுக்கு ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்கவும் விதி இருக்கிறது. நிபந்தனைகளை அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்படியானால் விரதம் வேண்டாமா? வேண்டும். பிள்ளை வரம் வேண்டிப் புத்திர காமேஷ்டி யாகம் செய்தவர் தசரதர். மனைவியரை மட்டும் விரதம் இருக்கச் சொல்லிவிட்டு அவர் ஒதுங்கி நிற்கவில்லை. தாமே வேள்வியில் உட்கார்ந்தார். போன வருஷம் கந்த சஷ்டிக்கு நானும் ஆறு நாள் விரதம் இருந்தேன். காய்ச்சலுக்கு மருந்தும் சாப்பிட்டுத் திருநீறும் பூசிக்கொள்கிறோமே, அதுபோலத்தான் இதுவும்.

எனக்கு அறுவை சிகிச்சை முடிந்தது. விந்தணு உருவாகவே இரண்டரை மாதம்போல ஆகும் என்பதால் உடனே பலன் தெரியாது. இப்போது எண்ணிக்கை கூடியிருக்கிறது. குழந்தை இன்னும் இல்லை. ஆனால் விசேஷங்களில் யாராவது மனைவியைப் பார்த்து, "விசேஷம் ஏதும் உண்டா?" என்று கேட்டால் நான் முந்திக்கொள்வேன்: "சிகிச்சை எனக்குத்தான் நடக்குது, அத்தை." ஒரு தடவை அப்படிச் சொன்ன மறுநாள், அந்த அத்தையின் மகன் போன் செய்து கிளினிக் முகவரி கேட்டார்.

அன்று தேநீர் வேளையிலும் தம்பியிடம் உண்மையைத்தான் சொன்னேன். "அண்ணிக்கு இல்ல தம்பி, எனக்கு."

அவர் கொஞ்ச நேரம் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்போ நானும் இப்பவே டெஸ்ட் எடுக்கணுமா அண்ணே?" என்றார்.

"இப்பவே வேண்டியதில்ல. ஆனா டாக்டர் கூப்பிடுற அன்னைக்கே போயிடணும். நான் மூணு வருஷம் கழிச்சுப் போனேன்."

குழுவில் பேச:

1. 'மலடி' என்ற சொல்லை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? 'மலடன்' என்ற சொல்லை?

2. வளைகாப்பில் குழந்தையில்லாத பெண்ணை ஒதுக்குவதை நம் வீட்டில் யார் நிறுத்த முடியும்? எப்படி?

3. குழந்தையில்லாத தம்பதியரைப் பார்க்கும்போது எந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்கலாம்?