தேவாலயத்துக்குப் போகும் பாதையை வரைவது எப்படி?

அன்புள்ள தங்கைக்கு,

பழைய நகரத் தெரு ஒன்று, அதன் முடிவில் ஒரு தேவாலயம். ஓவியம் பழகுகிற பலரும் ஆசைப்பட்டு வரையும் காட்சி இது. பாரிஸ் நகரத்து மொரிஸ் உட்ரில்லோ (1883–1955) இதைத் திரும்பத் திரும்ப வரைந்தார். அவரும் உன்னைப் போல மேட்டு நிலத்துப் பிள்ளைதான். மோன்மார்த்தர் குன்றில் பிறந்தவர். இளவயதிலேயே குடியில் விழுந்த மகனை மீட்கத் தூரிகையைக் கையில் கொடுத்தவர் தாய் சுசான் வாலடோன். அவரும் பேர்பெற்ற ஓவியர்.

அந்தக் குன்றின் மிகப் பழைய தெருக்களில் ஒன்று செயின்ட் ருஸ்டிக் தெரு. உட்ரில்லோவின் படங்களில் அதன் இரு பக்கமும் சுவர்கள் நெருங்கி நிற்கும். கூரை விளிம்பும் தெருவோரமும் தூரம் போகப் போக ஒன்றையொன்று நோக்கிச் சாயும். அவை இழுத்துச் செல்லும் திசையில் சாக்ரே கேர் தேவாலயத்தின் வெள்ளைக் குவிமாடம் எழும்.

சுவர்களைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். வெறும் வெள்ளைச் சாயம் போதாமல் அதில் சாந்துத்தூளைக் கலந்து பூசினார் உட்ரில்லோ. அதனால் காரை உரிந்த சுவர் படத்திலும் சொரசொரப்பாகவே இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் வெள்ளையடித்த லயத்துச் சுவரை வரையும்போது இதை நினைத்துக்கொள். அடியில் ஈரம் ஏறிய கறுப்பு, மூலையில் பாசிப் பச்சை, தகரத்திலிருந்து வடிந்த துருக்கறை என்று அந்த வெள்ளைக்குள் பல நிறங்கள் உண்டு.

இனி இலங்கை மலையகத்தின் டிக்கோயாவுக்கு வருவோம். அங்குள்ள வார்லி தேவாலயம் 1878-இல், துரைமார் காலத்தில் கருங்கல்லால் எழும்பியது. சாக்ரே கேருக்கு அடிக்கல் நாட்டியது 1875-இல். இரண்டும் ஒரே காலத்தவை. ஆனால் இரண்டையும் ஒரே மாதிரி வரைய முடியாது. தேயிலை மலையில் பாதை தெருவைப் போல நேராக ஓடுவதில்லை. மலை மடிப்பைச் சுற்றி வளையும், ஏறும், இறங்கும்.

அதனால் முதலில் உன் கண்மட்டத்தில் ஒரு கோடு போடு. லயத்துக் கூரை கிடைமட்டமானது. அதன் விளிம்பும் காம்பராக் கதவுகளின் மேல்வரிசையும் அந்தக் கோட்டில் போய்க் கூடும். ஏறுகிற பாதையின் இரு ஓரங்களும் கோட்டுக்கு மேலேயும், இறங்குகிற பாதையின் ஓரங்கள் கோட்டுக்குக் கீழேயும் கூடும். ஒவ்வொரு வளைவுக்கும் கூடுமிடம் தனித்தனி. பலர் இதைக் கவனிக்காமல் விடுவதால்தான் படத்தில் மேடு தட்டையாகிவிடுகிறது.

தூரத்தைக் காட்ட மூடுபனியும் கை கொடுக்கும். கிட்டத்துச் செடியில் கொழுந்தும் முற்றிய இலையும் பிரித்துக் காட்டு. நடுவில் நிரை மட்டும் போதும். அப்பால் மங்கிய நீலம்.

இப்போது தேவாலயத்தின் கீழே தெரியும் காசல்ரீ நீர்த்தேக்கம் 1965-இல் வந்தது. 1878-இல் நடப்பதாக ஒரு படம் வரைந்தால் அந்தத் தண்ணீரை விட்டுவிட்டுப் பள்ளத்தாக்கை வரை.

வர்ணம் தொடுமுன் மூன்று சிறிய பென்சில் படங்கள் போடு: நின்றபடி ஒன்று, உட்கார்ந்தபடி ஒன்று, மேல்மலையிலிருந்து ஒன்று. மூன்றிலும் கண்மட்டக் கோட்டை அழிக்காமல் அனுப்பி வை. எதைப் பெரிதாக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
ஓவியம் சொல்லித்தரும் அக்கா