சித்திரைக்கு ஏற்ற கண் வண்ணம்: விற்பவர் அறிய வேண்டியவை

மளிகை வியாபாரிக்கும் இமையில் பூசும் வண்ணத்திற்கும் என்ன சம்பந்தம் என்று உறுப்பினர்கள் சிலர் கேட்கக்கூடும். கண் மை, சாந்துப் பொட்டு, குங்குமம், பவுடர் ஆகியவை நம் கடைகளில் என்றும் இருந்துவந்த சரக்குகளே. இப்போது அதே பலகையில் ஐ ஷேடோ, கான்டூர் பவுடர் ஆகியவையும் வந்து சேர்ந்துள்ளன. என்.எஸ்.பி. ரோட்டிலும் சின்னக்கடை வீதியிலும் நிதானமாகப் பார்த்து வாங்குபவர்கள்கூட, அவசரத்திற்குத் தெருமுனையில் உள்ள நம்மிடம்தான் வருகிறார்கள். பள்ளி ஆண்டு விழா, முகூர்த்தம், ஸ்ரீரங்கம் சித்திரைத் தேர், சமயபுரம் தேர் என்று அடுத்தடுத்து வரும் நாட்களில் இந்தக் கேள்வி கூடுதலாக வரும். கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "இந்த மாதிரி வேணும்" என்பார்கள். நாம் விழிக்கக் கூடாது.

கான்டூர் என்பது முகத்தில் நிழல் போடுவது. புதிய வித்தை அல்ல. முன்பு தேவர் ஹாலில் நாடகம் பார்த்தவர்களுக்கு இது தெரியும். நேராக அடிக்கும் வெளிச்சத்தில் முகம் தட்டையாகத் தெரியும் என்பதால், கன்னத்தின் பள்ளத்திலும் மூக்கின் இருபுறமும் கருமை சேர்ப்பார்கள். மேடைக்கு அது அழுத்தமாக இருக்கலாம். தேர் பார்க்கப் போகிறவர்கள் கேட்பது, போட்டதே தெரியாத நிழல்.

முறை இதுதான். முதலில் மேனி நிறத்திற்கு ஒத்த பூச்சை மெல்லியதாகத் தடவ வேண்டும். பிறகு மேனி நிறத்தைவிட ஒன்றிரண்டு படி மட்டுமே அடர்ந்த பழுப்புப் பவுடரைக் காதருகில் தொடங்கி, கன்ன எலும்பின் கீழாகக் கண்ணின் வெளிக்கோணத்திற்கு நேரே வரும் வரை இழுத்து நிறுத்த வேண்டும். தாடையின் அடியிலும் சிறிது. கோடு மறையும் வரை பிரஷ்ஷால் தேய்ப்பதில்தான் வேலையே இருக்கிறது. மாநிறத்தாருக்கும் கருத்த மேனியாருக்கும் சாம்பல் சாயல் உள்ள பவுடர் ஒட்டாது, அழுக்குப் போல நிற்கும். ஆகவே சூடான பழுப்பு நிறங்களை வாங்கி வைப்பது நல்லது. இளவேனில் என்று ஏட்டில் இருந்தாலும் நம் ஊரில் சித்திரை என்றால் வியர்வைதான். கிரீம் வகை வழிந்துவிடும். பவுடர் வகையே நமக்குத் தோது.

முகத்தில் நிழல் அடங்கியிருந்தால்தான் கண்ணில் வண்ணம் எடுபடும். மயில் நீலம், இளம்பச்சை, கனகாம்பர நிறம், மாந்தளிர் நிறம் ஆகிய நான்கும் நம் பட்டுப் புடவைகளோடு சேர்ந்துபோகும். இமைமேல் ஒரே நிறம், இமை மடிப்பில் சிறிது பழுப்பு, ஓரத்தில் மை, உதட்டில் வெளிர் நிறம், இவ்வளவு போதும். நாற்பது நிறப் பெட்டியை வாங்கிப் போட்டால் நான்கு தீரும், மற்றவை தேங்கும்.

எங்கள் கடையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறோம். ஆண்டு விழா சமயத்தில் மொத்த வியாபாரி ஒருவர் மலிவாக இமை வண்ணம் கொடுத்தார். லேபிள் இல்லை, பில்லும் இல்லை. லாபம் நன்றாக இருக்கிறதே என்று எடுத்தோம். வாங்கிச் சென்ற அம்மா மறுநாள் பெண் குழந்தையோடு வந்து நின்றார். குழந்தையின் இமை இரண்டும் வீங்கியிருந்தன. வைத்தியச் செலவைக் கொடுத்தோம். அந்த வீட்டு மாதச் சாமான் பட்டியல் மட்டும் அதன்பின் எங்கள் கடைக்கு வரவில்லை.

அழகுசாதனங்களைச் சில்லறையில் விற்கத் தனி உரிமம் தேவையில்லை என்பதால் பொறுப்பும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனங்கள் சட்டம் விற்பவரையும் கட்டுப்படுத்தும். ஆய்வாளர் கேட்டால், யாரிடம் வாங்கினோம் என்று சொல்லியாக வேண்டும். உரிமம் பெற்ற உற்பத்தியாளரிடமோ முறையான வியாபாரியிடமோ வாங்கி, குறை தெரியாமல், ஒழுங்காக இருப்பு வைத்து விற்றோம் என்று நிரூபித்தால்தான் சட்டம் நம்மைக் காக்கும். பில் இல்லாமல் எதைக் காட்டி நிரூபிப்பது? லேபிளில் உற்பத்தியாளர் பெயர், முகவரி, உரிம எண், பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற குறிப்பு, உட்பொருட்கள் ஆகியவற்றைப் பாருங்கள். வெளிநாட்டுச் சரக்கானால் இறக்குமதியாளர் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். நிறத்திற்காக ஈயச் சேர்மம் கலப்பது தடை செய்யப்பட்டது. பழைய சுர்மாக் கல்லில் இருப்பதே ஈயம்தான். மலிவு என்று யாரேனும் கோலப்பொடியைக் கண்ணுக்குக் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

நிறம் பார்க்கக் கேட்டால் புறங்கையில் தடவிக் காட்டலாம். ஒருவர் கண்ணில் வைத்த பென்சிலை இன்னொருவர் கண்ணில் வைத்தால் கண் நோய் பரவும். கண் மைக் குச்சிகளைக் கடை வாசலில் வெயில் படத் தொங்கவிட வேண்டாம், உருகிவிடும். வரியிலும் கவனம் தேவை. குங்குமம், பொட்டு, டப்பாக் கண் மை ஆகியவற்றுக்கு ஜி.எஸ்.டி. இல்லை; பென்சில் மைக்கு அந்த விலக்கு கிடையாது. முகப் பவுடருக்கு 22.9.2025 முதல் 5 சதவீதம். கணினியில் பழைய விகிதம் இருந்தால் தேருக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.