மீனைப் பார்க்குமுன் தண்ணீரைப் பாருங்கள்

நமது மலரின் அறிவுப் பகுதிக்காக இம்முறை இரண்டு ஆராய்ச்சித் துறைகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று, ஏரி குளங்களில் வாழும் நன்னீர் மீன்களின் சூழலியல். மற்றொன்று, தன்பாலீர்ப்பு உடையவர்கள், திருநங்கையர், திருநம்பியர் ஆகியோரின் மனநலம். முன்னதைப் பற்றி நம் வீடுகளில் தாராளமாகப் பேசுவோம். பின்னதைப் பற்றிப் பேச்செடுத்தால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவோம். இரண்டையும் ஒன்றாக வைப்பதற்குக் காரணம் உண்டு. இரு துறை அறிஞர்களும் ஏறக்குறைய ஒரே பாடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். ஓர் உயிர் துன்பப்படும்போது, குறை அந்த உயிரிடம்தான் என்று எடுத்த எடுப்பில் முடிவு கட்டக் கூடாது; அது வாழும் சூழலை முதலில் அளந்து பார்க்க வேண்டும் என்பதே அந்தப் பாடம்.

நான் மருத்துவனும் அல்ல, மீன்வளம் படித்தவனும் அல்ல. டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் இருப்புப்பாதைப் பராமரிப்பில் காலம் கழித்தவன். பாதை ஓரிடத்தில் திரும்பத் திரும்பத் தாழ்ந்தால் தண்டவாளத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை. அடியில் உள்ள ஜல்லியையும் மண்ணையும் வடிகாலையும் பார் என்பது எங்களுக்குச் சொல்லித் தந்த பாலபாடம். அந்தப் பழக்கத்தோடுதான் இவற்றையும் படித்தேன்.

விடியற்காலைக் குளம்

ரேணிகுண்டாவைச் சுற்றியும், சித்தூர், திருப்பதி மாவட்டங்கள் நெடுகிலும் மழையை நம்பிய ஏரிகள் பல உண்டு. இங்கே செருவு என்பார்கள். கோடையில் நீர் குறையும்போது சில நாள் விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்திருப்பீர்கள். வெயில் ஏறியதும் அவை மறுபடி கீழே போய்விடும். நிலைமை முற்றினால் கட்லாவும் ரோகுவும் வயிறு தெரிய மிதக்கும். மீனுக்கு நோய் வந்துவிட்டது என்பார் ஒருவர். எவனோ விஷம் கலந்துவிட்டான் என்பார் இன்னொருவர்.

சூழலியல் படித்தவர் வந்தால், முதலில் தண்ணீரில் கரைந்துள்ள பிராணவாயுவை அளப்பார். மீன் செவுள் வழியாக இந்த வாயுவை எடுத்துத்தான் உயிர் வாழ்கிறது. 20 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் வரை பிராணவாயு கரைந்து நிற்கும். 30 டிகிரி ஆனால் சுமார் 7.5 மில்லிகிராம்தான் நிற்கும். கெண்டை இன மீன்கள் நன்கு வளர 5 மில்லிகிராமுக்குக் குறையாமல் வேண்டும். 2, 3 என்று இறங்கினால் திணறும். அதற்கும் கீழே போனால் சாகும்.

விடியற்காலையில் மட்டும் ஏன் இந்தத் திணறல்? பகலில் வெயில் இருக்கும்வரை நீரில் உள்ள பாசி பிராணவாயுவை வெளியிடுகிறது. இரவில் அதே பாசியும், அடியில் அழுகும் சாணமும் பிண்ணாக்கும் தவிடும், மீன்களும் சேர்ந்து அந்த வாயுவைச் செலவழிக்கின்றன. சூரியன் வருவதற்குச் சற்று முன்னர் இருப்பு மிகக் குறைவாக இருக்கும். வானம் மூடிக் கிடக்கும் நாட்களில் பகல் வரவும் குறைந்து, நிலைமை இன்னும் மோசமாகும்.

ஆகவே பரிகாரமும் தண்ணீருக்குத்தான். எருவும் தீவனமும் போடுவதை நிறுத்த வேண்டும். புதுநீர் பாய்ச்ச வேண்டும். காற்றூட்டும் இயந்திரத்தால் நீரைக் கலக்க வேண்டும். மீனைப் பிடித்து மருந்து புகட்டினால் ஒரு பயனும் இல்லை. மீனிடம் நோயே இல்லை அல்லவா?

நோய் என்று சொன்ன காலம்

இனி மனிதர்களிடம் வருவோம். ஆண் ஆணையும் பெண் பெண்ணையும் விரும்புவதை மேலைநாட்டு மருத்துவம் நெடுங்காலம் மனநோய் என்றே வகைப்படுத்தியிருந்தது. அந்த முடிவுக்கு ஆதாரமாக இருந்தவர்களில் பெரும்பாலோர் மனநல மருத்துவமனைகளிலும் சிறைகளிலும் இருந்தவர்கள். செத்து மிதக்கும் மீன்களை மட்டும் எண்ணிவிட்டு, அந்த இனமே நோயுற்றது என்று எழுதியது போன்ற கணக்கு அது.

அமெரிக்க உளவியலாளர் எவலின் ஹூக்கர் வேறு வழியில் போனார். சிகிச்சைக்கு வராமல் சாதாரணமாக வாழ்ந்துகொண்டிருந்த தன்பாலீர்ப்பு ஆண்கள் 30 பேரையும், மற்ற ஆண்கள் 30 பேரையும் ஒரே உளவியல் சோதனைகளுக்கு உட்படுத்தினார். யாருடைய விடை எது என்று சொல்லாமல் அவற்றை நிபுணர்களிடம் கொடுத்தார். அவர்களால் இரு பிரிவினரையும் பிரித்தறிய முடியவில்லை. இந்த ஆய்வு 1957ல் வெளிவந்தது. பின்னர் பலரின் ஆய்வும் போராட்டமும் சேர்ந்து, 1973ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்று நீக்கியது. அந்த நிறுவனம் 2019ல் ஏற்று, 2022 முதல் நடைமுறைக்கு வந்த புதிய பட்டியலில், திருநர் நிலையும் மனநோய்ப் பகுதியிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது.

அப்படியானால் துன்பம் எங்கிருந்து?

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழும். நோய் இல்லை என்றால், இவர்களிடையே மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகளும் சொல்வது ஏன்?

இலான் மேயர் என்ற ஆய்வாளர் 2003ல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு விளக்கம் தந்தார். சிறுபான்மையாக இருப்பதால் வரும் கூடுதல் மன அழுத்தம் என்று அதைச் சொல்லலாம். அது இரு வகையில் வருகிறது. வெளியிலிருந்து வருவது அடி, வசை, வேலை மறுப்பு, வீடு வாடகைக்குக் கிடைக்காமை போன்றவை. உள்ளே தங்குவது, எப்போது அவமானம் வருமோ என்ற எதிர்பார்ப்பு, மறைத்தே வாழ வேண்டிய களைப்பு, ஊர் சொல்லும் இழிசொல்லைத் தானே நம்பிவிடுவது ஆகியவை. ஒரு நாள் வசை மட்டும் ஆளைச் சாய்ப்பதில்லை. இரவு முழுவதும் பிராணவாயு சிறிது சிறிதாகக் குறைவது போல, பல ஆண்டுகள் சேர்ந்து சாய்க்கின்றன. நண்பர்களின் ஆதரவும் தம்மைப் போன்றவர்களின் துணையும் இந்த அழுத்தத்தைத் தணிக்கின்றன என்பதையும் மேயர் சுட்டிக்காட்டினார்.

நம் பக்கத்துச் சான்றும் உண்டு. சென்னையில் மருத்துவர் வெங்கடேசன் சக்கரபாணியும் அவரது குழுவினரும் 2007ல் வெளியிட்ட ஆய்வு, பெண்தன்மை கொண்ட ஆண்கள் போலீசாரிடமும் ஊராரிடமும் குடும்பத்திலும் படும் வன்முறையைப் பதிவு செய்தது.

தண்ணீரை மாற்றினால் மாறுகிறதா?

பொறியாளன் என்ற முறையில் எனக்கு முக்கியமாகப் பட்ட கேள்வி இது. சூழலை மாற்றினால் நிலைமை மாற வேண்டும். இல்லையென்றால் விளக்கம் தவறு.

கெய்ட்லின் ரயன் குழுவினர் அமெரிக்காவில் 21 முதல் 25 வயது வரையுள்ள 224 பேரிடம் நடத்திய ஆய்வு 2009ல் வெளிவந்தது. வளரும் வயதில் குடும்பத்தாரால் மிகுதியாக ஒதுக்கப்பட்டவர்கள், ஒதுக்கப்படாத அல்லது சிறிதளவே ஒதுக்கப்பட்டவர்களைவிட, தற்கொலைக்கு முயன்றதாகச் சொன்னது 8.4 மடங்கு அதிகம். கடும் மனச்சோர்வு 5.9 மடங்கு அதிகம். பழையதை நினைவுகூர்ந்து சொன்ன விடைகள் இவை என்பதால் இதை மட்டும் கொண்டு காரணத்தை நிறுவ முடியாது.

2017ல் வந்த மற்றோர் ஆய்வு இன்னும் வலுவானது. அமெரிக்காவில் ஒருபாலினத் திருமணத்தைச் சட்டம் ஏற்ற 32 மாநிலங்களையும், அப்போது ஏற்காத 15 மாநிலங்களையும் 1999 முதல் 2015 வரை ஒப்பிட்டார்கள். சட்டம் வந்த மாநிலங்களில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் தற்கொலை முயற்சி 7 சதவீதம் குறைந்தது. பாலீர்ப்பில் சிறுபான்மையான மாணவர்களிடையே 14 சதவீதம் குறைந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் மருந்து கொடுக்கவில்லை. அவர்கள் திருமண வயதையும் எட்டவில்லை. மாறியது அவர்களைச் சுற்றியிருந்த சூழல்தான்.

"விரால் தாங்குகிறதே!"

சிலர் கேட்பார்கள்: "அந்தக் காலத்திலும் இப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். கல்யாணம் செய்துகொண்டு அடங்கி வாழவில்லையா?" பிராணவாயு குறைந்த குட்டையிலும் விரால் பிழைக்கும், இங்கே கொர்ரமீனு என்பது அதைத்தான். தலைப்பகுதியில் காற்றைச் சுவாசிக்க அதற்குத் தனி அறை உண்டு. பனையேறிக்கும் தேளிக்கும் அப்படியே காற்றைச் சுவாசிக்கும் உறுப்புகள் உண்டு. ஆனால் விரால் பிழைத்திருப்பதால் அந்தக் குட்டை நல்ல குட்டை ஆகிவிடாது. தாங்கியவரைக் காட்டித் தாங்காதவரைக் குறை சொல்வதும் நியாயம் ஆகாது. அடங்கி வாழ்ந்தார் என்று நாம் சொல்பவரும், அவருக்கு வாழ்க்கைப்பட்ட பெண்ணும் என்ன பாடு பட்டார்கள் என்று யார் கேட்டோம்?

நம் நாட்டுச் சட்டம்

1860ல் வெள்ளையர் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, மனமொத்த வயதுவந்தோரிடையே உள்ள தன்பால் உறவையும் குற்றமாக வைத்திருந்தது. உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று அந்த நிலையை முடித்து வைத்தது. திருமணத்துக்கான அங்கீகாரத்தை 2023 அக்டோபரில் அதே நீதிமன்றம் தரவில்லை. திருநரின் உரிமைகளை 2014லேயே அது ஏற்றிருந்தது.

தமிழர் அறிய வேண்டிய தீர்ப்பு ஒன்று சென்னை உயர்நீதிமன்றத்தில் 2021 ஜூன் 7 அன்று வந்தது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு இளம் பெண்கள் பாதுகாப்புக் கேட்ட வழக்கு அது. நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ், தமக்கு இந்த விஷயத்தில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் தாமே அமர்ந்து கேட்டறிந்த பிறகு உத்தரவிட்டார். பாலீர்ப்பை மாற்ற மருத்துவம் என்ற பெயரில் நடக்கும் முயற்சிகளுக்குத் தடை விதித்தார். அதன் தொடர்ச்சியாகத் தேசிய மருத்துவ ஆணையம் 2022ல் அத்தகைய சிகிச்சையை மருத்துவரின் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. மரியாதையான தமிழ்ச் சொற்களின் பட்டியலைத் தமிழக அரசு அதே ஆண்டு அரசிதழில் வெளியிட்டது. ஆகவே, "குணப்படுத்தித் தருகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால் ஏமாறாதீர்கள்.

நம் வீடுகளுக்கு

வெளிமாநிலத்தில் வாழும் நமக்குச் சங்கம்தான் உறவு, சங்கம்தான் ஊர். அந்த நெருக்கத்திலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. ஒரு வீட்டுச் செய்தி மறுநாள் எல்லா வீட்டுக்கும் போய்விடும். அடுத்த வாரம் வேலூருக்கும் அரக்கோணத்துக்கும் எட்டிவிடும். இதற்கு அஞ்சியே பிள்ளை வாயைத் திறப்பதில்லை. நம் ஆண்டு விழா நாடகத்தில் பெண்வேடக்காரரைக் கேலி செய்து சிரிப்பு வாங்கும்போது, முன் வரிசையில் இருக்கும் ஒரு பிள்ளை சிரிக்காமல் உட்கார்ந்திருக்கலாம். தண்ணீரின் தரம் என்பது இதுவும்தான்.

உங்கள் மகனோ மகளோ இப்படி ஒன்றைச் சொன்னால், அன்றே எல்லாம் புரிந்தாக வேண்டும் என்பதில்லை. அடிக்காதீர்கள், வீட்டில் பூட்டி வைக்காதீர்கள், அவசரமாக வரன் பார்க்காதீர்கள். சொன்னதைப் பிள்ளையின் அனுமதியின்றி உறவினரிடம் சொல்லாதீர்கள். "நீ எங்கள் பிள்ளைதான், சாப்பிட வா" என்ற ஒரு வார்த்தை அன்றைக்குப் போதும். மனச்சோர்வு தெரிந்தால் அதற்கு மருத்துவரிடம் போகலாம். அது மாற்றும் சிகிச்சை அல்ல. அரசின் டெலி மானஸ் தொலைபேசி எண் 14416. கட்டணமில்லை; தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம்.

நம் ரேணிகுண்டா சந்திப்பில் சென்னைக்கும் பம்பாய்க்கும் வண்டிகள் நிற்கின்றன. வீட்டைவிட்டுப் போக நினைக்கும் பிள்ளைக்கு வண்டிக்குப் பஞ்சமில்லை. அது திரும்பி வரும் வழியை நாம் அடைத்துவிடக் கூடாது.

வீட்டில் கூடிப் பேச நான்கு வினாக்கள்

1. குளத்து மீன்கள் நண்பகலைவிட விடியற்காலையில் அதிகம் திணறுவது ஏன்?
2. எவலின் ஹூக்கர், சிகிச்சைக்கு வராதவர்களைத் தேர்ந்தெடுத்தது ஏன் முக்கியம்?
3. 2017ஆம் ஆண்டு ஆய்வு, 2009ஆம் ஆண்டு ஆய்வைவிட எந்த வகையில் வலுவானது?
4. நம் வீட்டுப் பேச்சில் இன்று முதல் விட்டுவிட வேண்டிய ஒரு சொல் எது?

முதல் மூன்றுக்கும் விடை இந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது. நான்காவதைப் பிள்ளைகளிடம் கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும்.