ஓர் இலக்கம் பெரிய சப்பாத்து

யாழ்ப்பாணத்தில் எனக்குச் சப்பாத்து வாங்கும்போதெல்லாம் அம்மா ஓர் இலக்கம் பெரிதாகவே எடுப்பார். வளருகிற பிள்ளை, அடுத்த வருடமும் போடலாம். ரொறன்ரோ நகரமண்டபத்துக்கு முன்னாலுள்ள நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில் முதன்முதலாக ஐஸ் ஸ்கேட்டிங் போனபோதும் அந்தப் பழக்கம் விடவில்லை. கோடையில் தடாகமாக இருப்பதைக் குளிர்காலத்தில் உறையவைத்துத் தளமாக்கியிருந்தார்கள். பெரிய ஸ்கேட்டை நானே கேட்டு வாங்கி, இரண்டு சோடி கம்பளிக் காலுறையோடு இறங்கினேன். கணுக்கால் இரண்டும் உள்பக்கமாக மடிந்தபடியே இருந்தன. காலில் பலமில்லை என்று நினைத்தேன்.

மகள்தான் பார்த்துச் சொன்னாள்: "அப்பா, குதி ஆடுது. சின்னனா எடுங்கோ." அன்றிலிருந்து நான் கற்றுக்கொண்டவை இவை.

அளவு: வழக்கமான சப்பாத்தைவிட அரை முதல் ஒன்றரை இலக்கம் வரை சிறியதுதான் பெரும்பாலும் பொருந்தும். நிமிர்ந்து நின்றால் பெருவிரல் முன்பக்கத்தை மெல்லத் தொட வேண்டும். முழங்காலை மடித்தால் விரல்கள் பின்வாங்கி, குதிக்கால் அசையாமல் பொருந்த வேண்டும். விரல் மடிந்தால் அது மிகச் சிறியது.

நாடா: கட்டுமுன் குதிக்காலைத் தரையில் இரண்டு முறை தட்டிப் பின்னுக்குத் தள்ளுங்கள். விரல்பக்கம் சற்றுத் தளர்வாகவும், கணுக்கால் வளைவில் நன்றாக இறுக்கியும், மேலே முழங்கால் மடியும் அளவுக்கும் கட்டுங்கள். கால் மரத்துப்போனால் அவிழ்த்துக் கட்டத் தயங்கவேண்டாம்.

உடை: மெல்லிய காலுறை ஒன்று போதும். தடித்தது மடிந்து கொப்புளம் போடும், இரத்த ஓட்டத்தைத் தடுத்து இன்னும் குளிரவைக்கும். ஜீன்ஸ் நனைந்தால் விறைத்துவிடும். உடலோடு ஒட்டிய உள்ளாடை, அதன்மேல் கம்பளி, வெளியே காற்றுத் தடுக்கும் மேலங்கி என்று அடுக்கிப் போட்டால் வியர்க்கும்போது ஒன்றைக் கழற்றலாம். நீளமான சால்வை வேண்டாம். கையுறை குளிருக்கு மட்டுமல்ல, விழும்போது கையை அடுத்தவரின் ஸ்கேட் அலகிலிருந்தும் காக்கும். தலைக்கவசம் பெரியவர்களுக்கும் அவசியம்.

அலகு: புதிய ஸ்கேட் பெரும்பாலும் கூர் தீட்டப்படாமலே வரும், கடையிலேயே தீட்டச் சொல்லுங்கள். வீடு திரும்பியதும் ஈரத்தைத் துடைக்காவிட்டால் துருப்பிடிக்கும்.

போன மாதம் மகளுக்கு ஸ்கேட் வாங்கப் போனேன். கை தானாகவே பெரிய இலக்கத்துக்குப் போனது. திருப்பி வைத்துவிட்டு, பழைய சாமான் கடையில் அவள் காலுக்குச் சரியானதை எடுத்தேன். அடுத்த வருடம் அதைக் கொடுத்து வேறொன்று வாங்கலாம்.