செவலைக் கன்றும் மயிலைப் பசுவும்: மாட்டின் நிறம் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

கன்றின் நிறம் தாயின் நிறத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்றும், ஒத்திராவிட்டால் இனக்கலப்பு நேர்ந்துவிட்டது என்றும் கருதுவது மாடு வளர்ப்போரிடையே காணப்படும் பிழையான நம்பிக்கைகளுள் ஒன்றாகும். கொங்குநாட்டின் காங்கேயம் இனமே இதற்குத் தக்க மறுப்பாக நிற்கிறது. வெண்சாம்பல் நிறமுடைய, அதாவது மயிலைப் பசு ஈனும் கன்று பெரும்பாலும் செவலையாகவே பிறந்து, ஏறத்தாழ ஆறு மாத வயதில் அச்செம்மை மங்கிச் சாம்பல் நிறத்தை அடைகிறது. அதன்பின் பாலினம் நிறத்தைப் பிரிக்கிறது: கிடாரி வெண்மையை நோக்கிச் செல்ல, காளைக்கோ திமிலும் கழுத்தும் தொடைகளும் கருத்துக்கொண்டே வருகின்றன. இக்கருமை டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண்மைச் சுரப்பைச் சார்ந்தது என்பதால், காயடிக்கப்பட்ட எருது மறுபடியும் வெளுத்துவிடுகிறது. ஒரே விலங்கு தன் வாழ்நாளில் செவலையாகவும் கருமயிலையாகவும் வெண்மயிலையாகவும் தோன்றக்கூடும் என்னும்போது, ஒரு நாள் கண்ட நிறத்தைக் கொண்டு அதன் மரபை முடிவுசெய்வது எவ்வகையிலும் பொருந்தாது. வளர்ந்த பின்னும் செவலையாகவோ காரியாகவோ நிலைக்கும் காங்கேயம் மாடுகளும் உண்டு.

கருத்த காளை இயல்பிலேயே முரடு என்னும் நம்பிக்கையும் இங்கிருந்தே விளக்கம் பெறுகிறது. காங்கேயம் போன்ற சாம்பல் நிற இனங்களில் காளையைக் கருக்கச் செய்யும் சுரப்பே அதன் முரட்டுத்தனத்தையும் தூண்டுவதால், இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றனவே தவிர, ஒன்று மற்றொன்றுக்குக் காரணமன்று. வெளுத்த எருது சாந்தமாக ஏர் இழுப்பதும் நிறத்தின் குணமன்று, காயடித்ததன் விளைவு.

காவிரிக் கழிமுகத்தின் உம்பளச்சேரி இனத்திலும் கன்று செந்நிறமாகவோ பழுப்பாகவோ பிறந்து சில மாதங்களில் சாம்பலாகிறது. நெற்றியிலும் கால்களிலும் வாலிலும் வெண்குறிகள் அமைகின்றன. இவ்வினத்துக்கு வழங்கும் மொட்டைமாடு என்ற பெயரோ வேறொரு தவறான எண்ணத்துக்கு இடமளித்துவிட்டது. பிறவியிலேயே கொம்பில்லாத இனம் இது என்று நினைப்போர், எருதுகளின் கொம்பை நீக்கிவிடும் வழக்கம் அவ்வட்டாரத்து உழவர்களிடம் இருந்ததையும், பெயர் அவ்வழக்கத்திலிருந்து வந்ததையும் அறியாதவரே.

வெண்திட்டு இருந்தாலே சீமை மாட்டின் கலப்பு என்பது அடுத்த பிழை. ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையில் மேயும் செம்மறை மாடு, செம்பழுப்பு உடலில் வெண்திட்டுகள் கொண்ட நாட்டினமே. நிறமி உண்டாக்கும் உயிரணுக்கள் தோலின் எப்பகுதியில் இல்லையோ அப்பகுதி வெண்மையாகிறது; இதற்கும் அயல்நாட்டு மரபுக்கும் கட்டாயத் தொடர்பு ஏதுமில்லை. மறுபுறம், கறுப்பு வெள்ளை ஹோல்ஸ்டீன் பெற்றோர் இருவருக்குச் செந்நிறத் திட்டுகளுடன் கன்று பிறப்பதும் இயல்பானதே. எம்சி1ஆர் என்னும் மரபணுவின் ஒடுங்கிய வடிவம், அதாவது இரு பெற்றோரிடமிருந்தும் வந்தாலன்றி வெளிப்படாத வடிவம், கன்றில் ஒன்றுசேர்வதே அதற்குக் காரணம்.

கறுத்த பசுவின் பாலுக்குத் தனி மருத்துவ ஆற்றல் உண்டென்பது கேட்க இனியதாயினும் ஆதாரமற்றது. அண்மைக் காலத்தில் பெரிதும் பேசப்படும் ஏ1, ஏ2 வேறுபாடு, பீட்டா கேசீன் என்னும் பால்புரதத்தின் 67ஆம் இடத்தில் எந்த அமினோ அமிலம் அமைகிறது என்பதைப் பொறுத்தது. அப்புரதத்துக்கான மரபணு மாட்டின் 6ஆம் குரோமோசோமிலும், மேற்சொன்ன நிற மரபணு 18ஆம் குரோமோசோமிலும் இருக்கின்றன. எனவே மயிரின் நிறத்தைப் பார்த்துப் பாலின் வகையைச் சொல்ல வழியில்லை.

இதனால் நிறம் வெறும் அலங்காரம் என்றும் கொள்ளலாகாது. வெண்மயிர் வெயிலைத் திருப்பியடிக்க, அதன் அடியிலுள்ள கருந்தோல் புறஊதாக் கதிரிலிருந்து உடலைக் காக்கிறது. காங்கேயம் போன்ற வெப்பநாட்டு இனங்களின் உழைப்புத் திறனில் இவ்வமைப்புக்குப் பங்குண்டு. மயிரை விலக்கித் தோலைப் பார்த்தால் இது விளங்கும்.

இனத்தை அறிய விரும்புவோர் கொம்பின் வளைவு, நெற்றி, திமில், அலைதாடி, காது ஆகியவற்றைச் சேர்த்தே நோக்க வேண்டும். செவலைக் கன்றைக் கண்டு ஐயுறுவோர் அதன் பெற்றோரைப் பார்த்துவிட்டு, ஆறேழு மாதம் பொறுத்திருப்பது நல்லது.