விரல் நீளம் வாங்கினோம், முழ நீளம் வளர்ந்தது

புனே நகரில் கட்கி என்று ஒரு பகுதி இருக்கிறது. அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலை உண்டு. முளா ஆறு அதன் ஓரமாக ஓடுகிறது. பல தமிழ்க் குடும்பங்கள் அங்கே நெடுநாளாக வாழ்கின்றன. அப்படி ஒரு குடும்பத்தின் கதை இது.

நான்கு மீன்கள்

அந்த வீட்டுப் பையன் ஆறாம் வகுப்பில் தேறினான். "எனக்கு மீன் தொட்டி வேண்டும் அப்பா" என்று கேட்டான். அப்பா அவனைக் கடைக்கு அழைத்துப் போனார்.

இரண்டு அடி நீளத் தொட்டி ஒன்று வாங்கினார்கள். தங்கமீன் இரண்டு வாங்கினார்கள். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று 'டேங்க் கிளீனர்' மீன் ஒன்று வாங்கினார்கள். கடைசியில் பையன் ஒரு மீனைக் காட்டினான். அதற்கு நீண்ட மீசை இருந்தது. வயிறு வெள்ளை. வால் சிவப்பு. நீளம் ஒரு விரல்தான். அது செவ்வால் கெளுத்தி.

"இது நன்றாக வளருமா?" என்று அப்பா கேட்டார்.

"ரொம்ப நன்றாக வளரும்" என்றார் கடைக்காரர்.

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு வளரும் என்று அப்பா கேட்கவில்லை.

மூன்று மாதம் ஆயிற்று. ஒருநாள் காலையில் ஒரு தங்கமீனைக் காணவில்லை. மறுவாரம் இன்னொன்றையும் காணவில்லை. கெளுத்தியின் வயிறு மட்டும் உப்பியிருந்தது.

எட்டு மாதத்தில் கெளுத்தி ஒரு அடியைத் தாண்டிவிட்டது. தொட்டியின் அகலமே ஒரு அடிதான். அதனால் திரும்பக்கூட முடியவில்லை. தண்ணீர் இரண்டு நாளில் கலங்கியது. வீட்டில் நாற்றம் அடித்தது. டிசம்பர்க் குளிரும் வந்தது. மீன் அசையாமல் அடியில் கிடந்தது.

ஆற்றில் விடலாமா?

"ஏங்க, இதைப் பார்க்கவே பாவமாக இருக்கிறது. ஏதாவது செய்யுங்கள்" என்றார் அம்மா.

"ஆறு பக்கத்தில்தானே இருக்கிறது? கொண்டுபோய் விட்டுவிடலாம். உயிரைக் காப்பாற்றிய புண்ணியமாவது கிடைக்கும்" என்றார் அப்பா. இரண்டு மீன்களையும் வாளியில் எடுத்தார்.

வாசலில் பக்கத்து வீட்டு மௌஷி நின்றிருந்தார். மராத்தியில் மௌஷி என்றால் சித்தி, பெரியம்மா. அந்தத் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருடைய தாய்வீடு பிக்வான் பக்கம். உஜனி அணையின் தண்ணீர் தேங்கி நிற்கும் ஊர் அது. அவருடைய அண்ணன் தம்பிகள் அங்கே மீன் பிடிக்கிறார்கள்.

மௌஷி வாளியை எட்டிப் பார்த்தார்.

"பாவு, எங்கே கொண்டுபோகிறீர்கள்?"

"ஆற்றுக்குத்தான் மௌஷி."

"வேண்டாம். இந்தக் கறுப்பு மீன் இருக்கிறதே, இது எங்கள் ஊர் வலையில் வருகிறது. முதுகு முழுக்க முள். வலையில் மாட்டினால் எடுக்க முடியாது. வலையை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். சந்தையில் யாரும் வாங்க மாட்டார்கள். இந்த ஆறு எங்கே போகிறது தெரியுமா? எங்கள் ஊருக்குத்தான் போகிறது."

அப்பா வாளியைக் கீழே வைத்தார்.

மௌஷி சொன்னது உண்மை. முளா ஆறும் முடா ஆறும் புனேயில் ஒன்று சேர்கின்றன. சேர்ந்த ஆறு பீமா ஆற்றில் விழுகிறது. பீமாவின் தண்ணீர் உஜனி அணைக்குப் போகிறது. அதற்குப் பிறகு கிருஷ்ணா ஆற்றில் கலக்கிறது. கட்கியில் விட்ட மீன் எந்த ஊருக்கும் போகலாம்.

வந்த மீனும் சொந்த மீனும்

டேங்க் கிளீனர் தென் அமெரிக்காவின் மீன். இது கரையில் வளை தோண்டி முட்டையிடும். அதனால் கரை இடியும். பாசியைத் தின்னும். மற்ற மீன்களின் முட்டைகளையும் தின்னும். தமிழ்நாட்டிலும் பல ஏரி குளங்களில் இது பரவியிருக்கிறது. அதை அங்கே கொண்டுவந்தது வெள்ளமோ காற்றோ அல்ல. நம்மைப் போன்றவர்களின் வாளிதான்.

வேறு சில செய்திகளும் கேளுங்கள்.

2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம் வந்தது. அதன் பிறகு சாலக்குடி ஆற்றில் அராபைமா என்ற மீன் பிடிபட்டது. அது அமேசான் ஆற்றின் மீன். இரண்டு ஆள் நீளம்கூட வளரும். வளர்த்த இடத்திலிருந்து வெள்ளத்தில் தப்பி வந்தது. 2023 மே மாதம் காஷ்மீரின் தால் ஏரியில் முதலை வாய் கொண்ட மீன் ஒன்று கிடைத்தது. அதன் பெயர் அலிகேட்டர் கார். அது வட அமெரிக்காவின் மீன்.

புனே ஆற்றுக்குச் சொந்தமான பெரிய மீன் ஒன்று உண்டு. அது மகாசீர். கெண்டை இனத்தைச் சேர்ந்தது. சைக்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி புனேயின் முளா முடா ஆற்றில் கிடைத்த மகாசீரைப் பற்றி 1839இல் எழுதினார். உள்ளூர்ப் பெயரைக் கேட்டு 'குத்ரி' என்றே அதற்கு அறிவியல் பெயர் வைத்தார். உலகம் முழுவதும் இன்றும் அந்தப் பெயர்தான்.

இதே மகாசீர் இன்னொரு பாடமும் சொல்கிறது. புனே மாவட்டத்து லோனாவாலாவில் இதன் குஞ்சுகளை வளர்த்தார்கள். 1970களில் காவிரியில் கொண்டுபோய் விட்டார்கள். நல்ல எண்ணத்தோடுதான் விட்டார்கள். ஆனால் காவிரிக்கு என்றே ஒரு மகாசீர் இருக்கிறது. அதன் முதுகு உயர்ந்து இருக்கும். வந்த மீன் பெருகியது. சொந்த மீன் குறைந்தது. இன்று அது அழியும் நிலையில் இருக்கிறது. ஒரு நாட்டுக்குள்ளேயே ஓர் ஆற்று மீன் இன்னோர் ஆற்றுக்கு ஆகவில்லை. அப்படியென்றால் அமேசான் மீன் ஆகுமா?

ஆற்றில் விட்ட மீன் செத்தால் அது பாவம். பிழைத்தால் ஆற்றுக்குப் பாவம். இரண்டிலும் புண்ணியம் இல்லை.

எந்த மீன் எவ்வளவு வளரும்?

கடையில் எல்லா மீனும் குட்டியாகத்தான் இருக்கும். வளர்ந்தால் இப்படி இருக்கும்:

ஆஸ்கர் – ஒரு அடி. பத்து ஆண்டுக்கு மேலும் வாழும்.

டேங்க் கிளீனர் – ஒரு முழம்.

கோய் கெண்டை – ஒன்றரை அடி முதல் இரண்டு அடி. தொட்டிக்கு ஏற்றதல்ல. குளம் வேண்டும்.

வெள்ளி அரோவானா – மூன்று அடி வரை. தண்ணீரிலிருந்து தாவும். தொட்டிக்குக் கனமான மூடி வேண்டும்.

செவ்வால் கெளுத்தி – மூன்று அடிக்கும் மேல். வாயில் அடங்கும் எதையும் விழுங்கும். வீட்டுத் தொட்டிக்கு ஏற்றதே அல்ல.

"தொட்டி சிறியதாக இருந்தால் மீனும் சிறியதாகவே இருக்கும்" என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். இடம் போதாத மீனின் வளர்ச்சி கெடும். உடல் கோணும். தன் கழிவிலேயே கிடந்து சீக்கிரம் சாகும்.

தொட்டிக் கணக்கு

தொட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்குங்கள். வருவது கன அடி. ஒரு கன அடியில் சுமார் 28 லிட்டர் தண்ணீர் பிடிக்கும்.

அந்த வீட்டுத் தொட்டி:
2 × 1 × 1 = 2 கன அடி
2 × 28 = 56 லிட்டர்

ஓர் ஆஸ்கர் மீனுக்குத் தேவையான தொட்டி:
4 × 2 × 1½ = 12 கன அடி
12 × 28 = 336 லிட்டர்

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. அப்படியானால் 336 லிட்டர் என்பது 336 கிலோ. கண்ணாடியும் மேசையும் தனி. மாடி வீட்டில் இவ்வளவு பாரத்தை நடுக்கூடத்தில் வைக்கக் கூடாது. சுவர் ஓரமாக வைக்க வேண்டும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடமும் கேட்க வேண்டும்.

தண்ணீரும் சூடும்

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். நமக்கு நல்லது. மீனுக்கு நஞ்சு. திறந்த வாளியில் ஒரு நாள் வைத்திருந்து ஊற்றுங்கள். அல்லது குளோரின் நீக்கும் சொட்டு மருந்தைக் கடையில் கேட்டு வாங்குங்கள்.

மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்ற நஞ்சு உண்டாகும். வடிகட்டியில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வளர்ந்து அந்த நஞ்சை முறிக்கும். அவை வளர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். ஆகவே புதுத் தொட்டியில் ஒரே நாளில் பல மீன்களை விடாதீர்கள். வடிகட்டியின் பஞ்சைக் குழாயடியில் கழுவாதீர்கள். நுண்ணுயிர்கள் செத்துவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசுங்கள். வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள்.

அமேசான் மீன்களுக்கு 24 முதல் 28 டிகிரி சூடு வேண்டும். புனேயில் டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் பத்து டிகிரி வரை இறங்கும். அப்போது ஹீட்டர் வேண்டும். 300 வாட் ஹீட்டர் ஓர் இரவில் எட்டு மணி நேரம் எரிந்தால் 2,400 வாட்-மணி. அதாவது ஏறக்குறைய இரண்டரை யூனிட். மாதத்துக்குக் கணக்குப் பாருங்கள். மீன் விலை சின்னது. வளர்க்கும் செலவுதான் பெரியது.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

1. மீன் எவ்வளவு பெரிதாக வளரும் என்று கேளுங்கள். எத்தனை ஆண்டு வாழும் என்றும் கேளுங்கள்.

2. உங்கள் கண் முன்னால் இரை போடச் சொல்லுங்கள். நல்ல மீன் ஓடி வந்து தின்னும்.

3. செதிள், துடுப்பு, கண் மூன்றையும் பாருங்கள். வெள்ளைப் புள்ளி, கிழிந்த துடுப்பு, மங்கிய கண் இருந்தால் வாங்காதீர்கள்.

4. அதே தொட்டியில் செத்த மீன் கிடந்தால் அங்கே வாங்காதீர்கள்.

5. ரசீது கேட்டு வாங்குங்கள். ஆசிய அரோவானா போன்ற சில வெளிநாட்டு மீன்களை வைத்திருந்தால் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். வனவிலங்குச் சட்டத்தில் 2022இல் செய்த திருத்தம் இதைச் சொல்கிறது. அது 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது.

வீட்டுக்கு வந்ததும் பையை அவிழ்க்காமல் தொட்டியில் கால் மணி நேரம் மிதக்க விடுங்கள். பிறகு தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் ஊற்றுங்கள். அதன் பிறகு மீனை மட்டும் தொட்டியில் விடுங்கள். ஏற்கெனவே மீன் இருந்தால் புது மீனை இரண்டு வாரம் தனியாக வைப்பது நல்லது.

மீன் பெரிதாகிவிட்டால்?

வாங்கிய கடையில் கேளுங்கள். வேறு கடைகளிலும் கேளுங்கள். பெரிய தொட்டி வைத்திருப்பவரைத் தேடிக் கொடுங்கள். செத்துப்போன மீனையும் ஆற்றில் போடாதீர்கள். மண்ணில் புதையுங்கள். ஆறு, ஏரி, கிணறு, கோயில் குளம் எதிலும் தொட்டி மீனை விடாதீர்கள். தொட்டித் தண்ணீரையும் அங்கே கொட்டாதீர்கள். செடிக்கு ஊற்றுங்கள். செடி செழிக்கும்.

கட்கி வீட்டில் என்ன நடந்தது?

அப்பா நான்கு கடை ஏறி இறங்கினார். "இவ்வளவு பெரிய மீனை வைக்க இடமில்லை" என்றார்கள். ஐந்தாவது கடைக்காரர் ஒருவரைப் பற்றிச் சொன்னார். அவருடைய வீட்டில் பெரிய சிமெண்ட் தொட்டி இருந்தது. நான்கு பக்கமும் மூடிய தொட்டி. ஹீட்டரும் இருந்தது. இரண்டு மீன்களையும் அவரே வந்து எடுத்துக்கொண்டார். பணம் எதுவும் கொடுக்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை.

வீட்டில் தொட்டி காலியாக இருந்தது. மறுமாதம் பையனும் அப்பாவும் மறுபடி கடைக்குப் போனார்கள். இந்த முறை பையன் கடைக்காரரிடம் கேட்டான்:

"மாமா, இந்த மீன் எவ்வளவு வளரும்?"

அவர் தன் விரலைக் காட்டினார். "இவ்வளவுதான். இன்னும் நூறு நாள் கழித்து வந்து பார்த்தாலும் இவ்வளவுதான்."

அவை வரிக்குதிரை மீன்கள். உடம்பில் நீலக் கோடு ஓடும். நம் நாட்டு ஓடைகளில் வாழும் மீன்கள். குளிரை ஓரளவு தாங்கும். ஆறு மீன் வாங்கி வந்தார்கள்.

சாயங்காலம் மௌஷி பார்க்க வந்தார். தொட்டி முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார்.

"இது எங்கள் ஊர் வலையில் மாட்டாது" என்று சொல்லிச் சிரித்தார்.

பதில் சொல்லுங்கள்

1. கடையில் அப்பா கேட்க மறந்த கேள்வி எது?
2. கட்கியில் ஆற்றில் விட்ட மீன் எந்த அணைக்குப் போய்ச் சேரும்?
3. காவிரி மகாசீர் ஏன் குறைந்தது?
4. வடிகட்டியின் பஞ்சை ஏன் குழாயடியில் கழுவக் கூடாது?

கணக்குப் போடுங்கள்

ஒரு தொட்டி 5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். அதில் எத்தனை லிட்டர் தண்ணீர் பிடிக்கும்? தண்ணீரின் எடை எவ்வளவு?

பேசிப் பாருங்கள்

உங்கள் ஊர் ஏரியில், ஆற்றில் முன்பு என்னென்ன மீன்கள் கிடைத்தன? இப்போது என்ன கிடைக்கிறது? ஊர்ப் பெரியவர்களையும் மீன் பிடிப்பவர்களையும் கேட்டு எழுதுங்கள்.